ஆனி மஸ்கரீன்: நாகர்கோவில் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடமும், கடற்கரை ஊர்களில் நடக்கும் மகளிர் கூட்டங்களிலும் பழைய சட்டமன்ற, நாடாளுமன்ற விவாதங்களைப் பற்றிப் பேசுவது என் வழக்கம். ஆனி மஸ்கரீன் பெயரை எடுத்தால் போதும், ஊர் மாறினாலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

முதல்ல, யாரு இந்த ஆனி மஸ்கரீன்?

திருவனந்தபுரத்தில் 6 ஜூன் 1902 அன்று ஒரு லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை கேப்ரியல் மஸ்கரீன் திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர். ஆனி ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் இருந்து சுதந்திரப் போராட்டத்துக்கு வந்தார். இந்திய அரசமைப்புச் சட்டத்தை எழுதிய சபையில் உறுப்பினர், திருவிதாங்கூர்-கொச்சி அமைச்சரவையில் அமைச்சர், முதல் மக்களவையில் எம்.பி. என்று மூன்று இடங்களிலும் இருந்தவர். 19 ஜூலை 1963 அன்று காலமானார்.

பேரப் பாத்தா நம்ம கடற்கரைக்காரங்க மாதிரி இருக்கே. நம்ம ஊரா?

ஊர் திருவனந்தபுரம்தான். ஆனால் 'நம்ம ஊரா, அவங்க ஊரா' என்ற கோடு அவர் வாழ்க்கையின் பெரும்பகுதியில் இல்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் முதலில் திருவிதாங்கூரிலும், 1949-ல் அது கொச்சியோடு இணைந்த பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக, 1 நவம்பர் 1956 வரை அங்கேதான் இருந்தன. அதே திவான், அதே போலீஸ், அதே வரி. அவர் எதிர்த்துப் பேசிய ஆட்சி நம் தாத்தா பாட்டிகளையும் ஆண்ட ஆட்சிதான். அதனால் அவர் வரலாற்றில் நமக்கும் பங்கு இருக்கிறது என்பது என் வாதம்.

பெயரைப் பொறுத்தவரை, போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே இந்தக் கரை முழுவதும் பெர்னாண்டோ, கோமஸ் என்று பெயர்கள் உண்டு. பெயரை வைத்து ஒருவரின் மொழியையோ ஊரையோ முடிவு செய்ய முடியாது.

லூர்தம்மாள் சைமனும் இவங்களும் ஒருத்தர்தானே?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லா ஊரிலும் வருகிறது. இருவரும் கத்தோலிக்கப் பெண்கள், இருவரும் அமைச்சர்கள், காலமும் பக்கம் பக்கம்.

லூர்தம்மாள் சைமன் 1957-ல் குளச்சல் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்று, காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை அமைச்சரானவர். முதலமைச்சரையும் சேர்த்து மொத்தம் எட்டே பேர் இருந்த அமைச்சரவை அது. அதில் ஒரே பெண் அவர். குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில், அங்கிருந்து ஒரு பெண்ணைக் காமராஜர் அமைச்சராக்கியது சின்ன விஷயம் இல்லை. அவருக்குத் தனியாக ஒரு தொகுப்பே போடலாம். ஆனி மஸ்கரீன் அவருக்கு முந்தியவர். இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி அமைச்சரவையில்.

அந்தக் காலத்துலயே டபுள் எம்.ஏ.ன்னு சொல்றாங்களே?

ஆமாம். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் வரலாறு, பொருளாதாரம் இரண்டிலும் எம்.ஏ. முடித்தார், 1925-ல். அப்புறம் இலங்கைக்குப் போய்க் கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை. திரும்பி வந்து சட்டம் படித்தார். அவருடைய சபைப் பேச்சை வாசித்தால் இந்தப் படிப்பு தெரியும். தொகுதிக் குறை சொல்லும் பேச்சாக இருக்காது. கொள்கையிலிருந்து தொடங்கி இறங்கி வரும்.

ஜெயிலுக்குப் போனது எதுக்கு? வெள்ளைக்காரனை எதிர்த்தா?

நேராக வெள்ளைக்காரனை எதிர்த்து என்று சொல்வதைவிட, திவானை எதிர்த்து என்று சொல்வதுதான் சரி. திருவிதாங்கூர் ஒரு சமஸ்தானம். மன்னர் சித்திரைத் திருநாள், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கியது. பட்டம் தாணுபிள்ளை தலைவர். அவர்கள் கேட்டது பொறுப்பாட்சி, அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பதில் சொல்கிற அரசு. அந்த ஆண்டே கட்சிக்குத் தடையும் வந்தது.

ஆனி அதில் முதலில் சேர்ந்த பெண்களில் ஒருவர். செயற்குழுவிலும் இடம் பெற்றார். பட்டம் தாணுபிள்ளையோடு சமஸ்தானம் முழுவதும் சுற்றுப்பயணம் போய்ப் பேசினார். போலீஸ் தாக்கியது, வீடு புகுந்து பொருட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், 1939-க்கும் 1947-க்கும் நடுவில் பல முறை சிறை. ஒரு பெண்ணின் மேடைப் பேச்சைப் பற்றித் திவானே மன்னரிடம் புகார் சொல்கிற அளவுக்கு அந்தப் பேச்சு அரண்மனையை உறுத்தியது.

காந்தியே அவங்களைத் திட்டி லெட்டர் போட்டாராமே, உள்ளதா?

உள்ளதுதான். 1946-ல் பம்பாயில் அவர் பேசிய ஒரு பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துவிட்டுக் காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். நாக்கை அடக்கத் தெரியவில்லை, மேடை ஏறினால் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாய், இதனால் உனக்கும் நன்மை இல்லை, திருவிதாங்கூர் ஏழை மக்களுக்கும் நன்மை இல்லை என்பது அதன் சாரம். பெண் குலத்துக்கே தலைகுனிவு என்கிற பொருளிலும் ஒரு வரி உண்டு. பத்திரிகைச் செய்தி சரியாக இருந்தால் என்ற ஒரு நிபந்தனையையும் காந்தி சேர்த்திருக்கிறார். அதைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் கடைசி வரி காந்திக்கு அழகு இல்லை. அதே வேகத்தில் பேசிய ஆண்கள் அந்த இயக்கத்தில் எத்தனையோ பேர். அவர்களில் யாரிடமும் 'ஆண் குலத்துக்கே அவமானம்' என்று யாரும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் வைத்து ஆனியை 'வாயாடி' என்று முடித்துவிடுகிற வழக்கமும் இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து டெல்லியில் அவர் பேசியதைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

அரசியல் நிர்ணய சபையும் பார்லிமெண்டும் ஒண்ணா வேறயா?

வேறு வேலை, ஆனால் ஆட்கள் பெரும்பாலும் ஒன்றே. அரசியல் நிர்ணய சபை என்பது அரசமைப்புச் சட்டத்தை எழுதக் கூடியது. 1946 டிசம்பரில் தொடங்கி, 26 நவம்பர் 1949-ல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுக்குச் சட்டம் இயற்றும் வேலையையும் அதே சபை தனியாகக் கூடிச் செய்தது. மக்கள் நேராக ஓட்டுப் போட்டு அமைத்த மக்களவை 1952-ல்தான் வந்தது.

சபையில் பெண்கள் மொத்தம் 15 பேர். துர்காபாய், ஹன்சா மேத்தா, தாட்சாயணி வேலாயுதன், அம்மு சுவாமிநாதன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தாட்சாயணியும் அம்முவும் மலையாளிகள் என்றாலும் சென்னை மாகாணத்தின் சார்பில் போனவர்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சார்பில் போன பெண் ஆனி. அவரோடு பட்டம் தாணுபிள்ளை, ஆர். சங்கர், பி.டி. சாக்கோ, பி.எஸ். நடராஜ பிள்ளை போன்றவர்களும் இருந்தார்கள். இதில் நடராஜ பிள்ளை, பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் மகன். தமிழ் படித்தவர்களுக்கு அப்பாவைத் தெரியும், மகனைத் தெரியாது!

சரி, அங்க போய் அவங்க என்னத்தப் பேசினாங்க? ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்.

ஒன்றே ஒன்று சொல்வதென்றால், தேர்தலை யார் நடத்துவது என்ற விவாதத்தைச் சொல்வேன். வரைவுச் சட்டத்தில் அது 289-வது பிரிவு, இன்றைய 324. முதலில் எழுதியிருந்தது என்னவென்றால், மத்தியத் தேர்தலுக்கு ஓர் ஆணையம், மாகாணத் தேர்தல்களுக்கு அந்தந்த மாகாணத்தில் தனி ஆணையம். 1949 ஜூன் நடுவில் அம்பேத்கர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நாடாளுமன்றத் தேர்தலோ மாகாண சபைத் தேர்தலோ, எல்லாம் ஒரே ஆணையத்தின் கையில் இருக்கட்டும் என்றார்.

சபையில் ஆதரவு பலமாக இருந்தது. கே.எம். முன்ஷி போன்றவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு ஆதரித்தார்கள். ஆனி எழுந்து, மையப்படுத்துவதற்கு ஆதரவாக இத்தனை வாதங்கள் வந்த பிறகு சபையை என்னால் மாற்ற முடியும் என்று நம்பவில்லை என்று ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்குகிறார். ஆனாலும் தன் வாதத்தை வைக்கிறார்: நாம் எழுதுவது அடுத்த சில வருஷங்களுக்கு அல்ல, வரப்போகும் தலைமுறைகளுக்கு. ஒரு மாகாணத்து மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிற உரிமை மத்தியின் பிடி இல்லாமல் இருக்க வேண்டும். இப்போதைய வசதிக்காகக் கொள்கையை வளைக்கக்கூடாது.

தோற்கப்போவது தெரிந்த வாதம். அவரே சொல்லிவிட்டார். அன்று இரவு யாரும் அவரைப் பாராட்டியிருக்க மாட்டார்கள், ஓட்டும் மாறவில்லை, திருத்தம் நிறைவேறியது. பிறகு ஏன் பேச வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். பதிவில் ஏறவேண்டும் என்பதற்காகத்தான். நடவடிக்கைக் குறிப்பில் 'எல்லோரும் ஏற்றார்கள்' என்று இருப்பதற்கும், 'திருவிதாங்கூர் உறுப்பினர் இந்தக் காரணத்துக்காக மறுத்தார்' என்று இருப்பதற்கும் வித்தியாசம் பெரிது. எழுபது வருஷம் கழித்து நாம் அதை எடுத்து வாதாட முடிகிறது.

அப்போ அவங்க அம்பேத்கருக்கு எதிரியா? இதுல யார் சொன்னது சரி?

எதிரி எல்லாம் இல்லை. ஒரு பிரிவில் கருத்து வேறுபாடு. அதே பிரிவில் எச்.என். குன்ஸ்ரூவும் மையப்படுத்துவதைக் கண்டித்தார். ஷிப்பன் லால் சக்சேனா வேறொரு பக்கத்திலிருந்து, தலைமைத் தேர்தல் ஆணையர் நியமனத்துக்கு நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்று கேட்டார். ஆணையரை யார் தேர்ந்தெடுப்பது என்ற சண்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த ஆண்டு புதுச் சட்டமும் வந்தது என்பதைப் பார்த்தால், அன்று கேட்டவர்கள் சும்மா கேட்கவில்லை.

யார் சரி என்பதில் எனக்கே இரண்டு மனசு. அம்பேத்கர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். சில மாகாணங்களில் இனத்தாலோ மொழியாலோ பண்பாட்டாலோ வேறுபட்டவர்களை அந்த மாகாண அரசே வாக்காளர் பட்டியலில் சேரவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்று புகார்கள் வந்திருப்பதாகச் சொன்னார். இதைக் குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் படித்தால் சும்மா கடந்துபோக முடியாது. திருவனந்தபுரத்து ஆட்சியின் கீழ் மொழிச் சிறுபான்மையாக இருந்தவர்கள் நாம். அப்படிப்பட்டவர்களுக்கு மாநில அரசின் கைக்கு எட்டாத ஒரு தேர்தல் ஆணையம் பாதுகாப்புதான். அந்த இடத்தில் என் ஓட்டு அம்பேத்கருக்கு.

ஆனால் ஆனியின் வாதம் செத்துப்போகவில்லை. 73, 74-வது அரசமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். நம் ஊராட்சித் தேர்தலை டெல்லி ஆணையம் நடத்துவதில்லை. அந்தத் தேர்தல்கள் வருஷக்கணக்கில் தள்ளிப்போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். மாநிலத்தின் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நன்மை, தீமை இரண்டுக்கும் சாட்சி அதிலேயே இருக்கிறது.

மந்திரியாவும் இருந்தாங்களா?

இருந்தார். 1 ஜூலை 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. பறவூர் டி.கே. நாராயண பிள்ளை அமைச்சரவையில் 1949-50 காலத்தில் சுகாதாரம், மின்சாரம் இரண்டையும் கவனித்தார். அப்போது நாகர்கோவிலும் குளச்சலும் அந்த மாநிலத்துக்குள்தான் என்பதால், நம் பகுதியை ஆண்ட அரசில் இருந்த முதல் பெண் அமைச்சர் அவர்தான். லூர்தம்மாள் சைமனை 'முதல்' என்று எழுதுகிறவர்கள், 'தமிழகத்தோடு சேர்ந்த பிறகு முதல்' என்று சேர்த்து எழுதினால் பிரச்சினை இல்லை.

எம்.பி. ஆனது காங்கிரஸ் சார்புலயா?

இல்லை, சுயேச்சை. இதைத்தான் பலரும் தவறாக எழுதுகிறார்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட 489 இடங்களில் பெண்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான் இருந்த அவை அது. இன்றைய கேரளப் பகுதியிலிருந்து போன முதல் பெண் எம்.பி. அவர். சென்னை மாநிலத்தின் தமிழ்ப் பகுதியிலிருந்து திருவள்ளூரில் மரகதம் சந்திரசேகரும் திண்டுக்கல்லில் அம்மு சுவாமிநாதனும் வந்திருந்தார்கள்.

1957-ல் அந்தத் தொகுதி இன்னொரு சுயேச்சையான எஸ். ஈஸ்வர ஐயருக்குப் போனது.

அப்போ நம்ம பக்கத்துக்கு எம்.பி. யாரு? பொம்பளைங்க யாரும் வரலையா?

முதல் மக்களவையில் நாகர்கோவில் தொகுதிக்கு மார்ஷல் நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் (தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தனிக் கட்சி). ஒரே மாநிலத்தின் அடுத்தடுத்த தொகுதிகளிலிருந்து ஆனியும் நேசமணியும் காங்கிரசுக்கு வெளியே இருந்து அந்த அவைக்குப் போனார்கள்.

நாகர்கோவில், பிறகு கன்னியாகுமரி என்று பெயர் மாறிய தொகுதிக்குப் பெண் எம்.பி. வர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன். சட்டமன்றத்தில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. விளவங்கோடு தொகுதியில் விஜயதரணி 2011, 2016, 2021 என்று மூன்று முறை வென்றார். 2024 இடைத்தேர்தலில் தாரகை கத்பர்ட் வென்றார்.

கிறிஸ்தவப் பெண்களுக்கு அப்பன் சொத்துல பங்கு வாங்கிக் குடுத்தது அவங்கதானாமே?

இல்லை. நல்ல கதைதான், ஆனால் ஆள் மாறிவிட்டது. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916-ஐச் சேர்ந்தது. உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. குமரி மாவட்டத்தில் இன்றும் 'அவளுக்குத்தான் சீதனம் கொடுத்தாச்சே' என்று தம்பிமார் சொல்வது அந்தச் சட்டத்தின் மிச்சம்.

1951-ல் மத்தியச் சட்டம் ஒன்று, மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தரும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை இந்தப் பகுதிக்கும் நீட்டியது. அதனால் பழைய சட்டம் போய்விட்டதா இல்லையா என்பதில் முப்பது வருஷத்துக்கு மேல் வழக்கு. குமரியைப் பொறுத்தவரை சென்னை உயர் நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. கேரளத்தில் மேரி ராய் உச்ச நீதிமன்றம் போய் 1986-ல் 'போய்விட்டது' என்ற தீர்ப்பை வாங்கினார். ஆக, இந்தப் பெருமை நீதிமன்றப் படி ஏறிய பெண்களுக்கு. ஆனிக்கு வேறு பெருமைகள் இருக்கின்றன.

மொத்தம் எத்தனை தடவை பேசினாங்க? எங்க போய்ப் படிக்கிறது?

எண்ணிக்கையைக் கேட்காதீர்கள் என்பேன். அவையில் பேச நேரம் கட்சியின் பலத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும். பெரிய கட்சிக்கு மணிக்கணக்கு, சுயேச்சைக்குச் சில நிமிஷம், அதுவும் பெரும்பாலும் கடைசியில், பாதி நாற்காலி காலியான பிறகு. இதைத் தெரியாமல் இரண்டு எம்.பி.க்களின் பேச்சை எண்ணி மதிப்பெண் போடுவது நியாயம் இல்லை. சபையில் அவர் பேசியது ஆங்கிலத்தில்.

படிக்க விரும்பினால் நிர்ணய சபை விவாதங்கள் 12 தொகுதிகளாக அச்சில் உண்டு, இணையத்திலும் இலவசம். மேலே சொன்ன தேர்தல் விவாதம் 8-வது தொகுதியின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. 1952-க்குப் பிந்தியவற்றைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 'லோக்சபா' என்ற பெயர் 1954 மே மாதம்தான் வந்தது. அதற்கு முந்திய தொகுதிகளில் 'மக்கள் சபை' என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். கேள்வி-பதில் ஒரு பாகம், மற்ற நடவடிக்கைகள் இன்னொரு பாகம். ஒன்றை மட்டும் புரட்டிவிட்டு 'ஒண்ணுமே பேசல்ல' என்று வந்துவிடக் கூடாது.

பட்டம் தாணுபிள்ளையோட ஆளு அவங்க. நம்ம ஆட்களைச் சுட்டது பட்டம் ஆட்சி. பின்ன நாம ஏன் அவங்களைக் கொண்டாடணும்?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. கோபம் புரிகிறது. 11 ஆகஸ்ட் 1954 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழகத்தோடு சேரவேண்டும் என்று போராடிய தமிழர்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தபோது முதலமைச்சர் பட்டம்தான்.

ஆனால் வருஷங்களைப் பாருங்கள். ஆனியும் பட்டமும் ஒன்றாக மேடை ஏறியது 1938-க்குப் பிறகு, திவானை எதிர்த்து. 1954-ல் பட்டம் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி முதலமைச்சர். ஆனி டெல்லியில் சுயேச்சை எம்.பி. சுடச் சொன்ன அமைச்சரவையில் அவர் இல்லை. மேலே நான் பெருமையாகச் சொன்ன நடராஜ பிள்ளை இருந்தார், நிதியமைச்சராக. தமிழர் என்பதால் அவரை விட்டுவிட்டு, மலையாளத் தலைநகரில் பிறந்தவர் என்பதால் ஆனியிடம் கணக்குக் கேட்பது எப்படிச் சரியாகும்?

கொண்டாடத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருவனந்தபுரம் வழுதக்காட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது, 2013-ல் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஹமீது அன்சாரி திறந்துவைத்தார். கொண்டாட்டத்தை அந்த ஊர் பார்த்துக்கொள்ளும். பெரியவரிடம் நான் கேட்டது 1949 ஜூன் பேச்சை ஒருமுறை வாசிக்கச் சொல்லித்தான். வாசித்துவிட்டு அம்பேத்கர் பக்கம்தான் என்றார். நானும் அந்தப் பக்கம்தானே!